பதின்மூன்று செக்கன் இடைவெளியில் இரு கொடிகள்

1992 ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக் நடைபெற்ற வேளையில் நான் பத்திரிகைத் துறைக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. கொழும்பில் இரவுப் பணி. செய்தி முகவரகங்களின் தாள்களிலிருந்து விளையாட்டுச் செய்திகளைப் பொறுக்கியெடுத்துத் தமிழாக்கும் வேலை வழக்கம் போல இளையவர்களின் தலையிலேயே கட்டப்பட்டிருந்தது. ஓரிரவு வந்த சிறு செய்தியொன்று இன்றும் நினைவில் நிற்கின்றது. மகளிர் சைக்கிளோட்ட விரைவுப் போட்டியில் எஸ்தோனியாவின் எரிக்கா சலுமாயே தங்கப் பதக்கம் வென்றார்; பரிசளிப்பின் போது எஸ்தோனியக் கொடி தலைகீழாக ஏற்றப்பட்டது என்பதே அச்செய்தி. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் சோலில் அதே போட்டியில் அதே பெண்மணி தங்கம் வென்ற போது ஏற்றப்பட்டது சோவியத் கொடி. அது நேராகத்தான் ஏறியது. சொந்தக் கொடி ஏறும் நாள் வந்த போது, அதன் மேற்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்பது ஏற்றியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மேசைக்கு அப்பால் இருந்த மூத்தவர் ஒருவர், "எஸ்தோனியா என்று ஒரு நாடு இதற்கு முன் இருந்ததா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அதற்கு விடை தேடப் புறப்பட்டதன் விளைவாகவே 1920 ஆம் ஆண்டின் அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கும், அங்கு மரதன் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பின்லாந்து வீரரும், அவருக்குப் பின்னால் பதின்மூன்று செக்கனுக்கும் சற்றுக் குறைந்த இடைவெளியில் வந்து சேர்ந்த எஸ்தோனிய வீரரும் எனக்கு அறிமுகமாயினர். இக்கட்டுரை பெரும்பாலும் அந்தப் பின்லாந்துக்காரர்களைப் பற்றியதே.

பின்லாந்து 1809 முதல் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்கு உட்பட்ட ஒரு பெருங்கோமகப் பிரதேசமாக இருந்து வந்தது. சொந்தச் சட்டசபை, சொந்த நாணயம் எல்லாம் இருந்தன. ஆயினும் நாடு என்ற தகுதி இருக்கவில்லை. ஒலிம்பிக்கில் தனியணியாகப் பங்குபற்ற மட்டும் எப்படியோ அதற்கு இடம் கிடைத்திருந்தது. 1908 இல் இலண்டனில் அதன் அணியினர் கொடி ஏதுமின்றியே அணிவகுத்துச் சென்றனர். 1912 இல் ஸ்ரொக்ஹோமில் பின்லாந்து 9 தங்கம் உட்பட 26 பதக்கங்களை அள்ளியது. ஆனால் ஒவ்வொரு வெற்றியின் போதும் கம்பத்தில் ஏறியது ருஷ்யக் கொடியே. பின்லாந்து என்ற பெயர் பொறித்த ஒரு துணிப்பட்டி அதனுடன் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

அந்த ஒலிம்பிக்கின் நாயகர் ஹன்னெஸ் கொலெமைனன். குவோப்பியோவில் பிறந்தவர், தொழிலால் கொத்தனார், தாவர உணவுக்காரர், தொழிலாளர் விளையாட்டுக் கழகங்களில் வளர்ந்தவர். 5000 மீற்றர், 10,000 மீற்றர், காடுமேடு கடந்தோடும் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 5000 மீற்றரில் அவரும் பிரான்சின் ஜோன் புவானும் கடைசி அடி வரை தோளோடு தோளாக ஓடி, பத்திலொரு செக்கன் வித்தியாசத்தில் கொலெமைனன் முந்திய அந்த ஓட்டம் மெய்வல்லுநர் வரலாற்றின் மிகச் சிறந்த ஓட்டங்களுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகின்றது. வென்று முடித்துத் தலை நிமிர்ந்தவர் கம்பத்தில் ஏறிய கொடியைக் கண்டு, இதைக் காண்பதற்கு வெல்லாமலே இருந்திருக்கலாம் என்ற பொருளில் வருந்தியதாகச் சொல்லப்படுகின்றது. அவர் உதிர்த்த சொற்கள் எவையாயினும், அக்காலத்துப் பின்லாந்து மக்களுக்கு அந்த உணர்வை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே ஸ்ரொக்ஹோமில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்லாமல் கடக்க மனமில்லை. மல்யுத்தத்தில் பின்லாந்தின் அல்பிரெட் அசிக்காய்னனும் ருஷ்ய அணியின் மார்ட்டின் கிளைனும் பதினொரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் கட்டிப்புரண்டனர். ஒலிம்பிக் வரலாற்றில் அதைவிட நீண்ட மல்யுத்தம் இல்லை. கிளைன் ருஷ்யரல்லர், எஸ்தோனியர். ஒரே சக்கரவர்த்தியின் குடிகளான இரு சிறு இனத்தவர் கோடை வெய்யிலில் நாள் முழுவதும் ஒருவரையொருவர் வீழ்த்த முயன்றனர். வென்ற கிளைன் களைப்பு மிகுதியால் இறுதிப் போட்டிக்கு வர இயலவில்லை. தங்கம் மூன்றாமவரான ஒரு சுவீடன்காரருக்குப் போயிற்று.

1916 இல் நடைபெறவிருந்த ஒலிம்பிக்கை முதலாம் உலகப் போர் விழுங்கியது. ஜோன் புவான் 1914 செப்டெம்பரில் போர்முனையில் மடிந்தார். கொலெமைனனோ 1912 இலேயே அமெரிக்காவுக்குப் போய், அங்கே செங்கல் அடுக்கிக்கொண்டும் நெடுந்தூர ஓட்டங்களில் ஓடிக்கொண்டும் இருந்தார். ருஷ்யாவில் புரட்சி வெடித்தது. 1917 டிசம்பர் 6 ஆம் திகதி பின்லாந்து சுதந்திரப் பிரகடனம் செய்தது.

சுதந்திரம் கிடைத்த கதையோடு நிறுத்திக்கொள்ள விரும்புவோர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவது வழக்கம். ஆனால் பிரகடனம் செய்து எட்டு வாரங்கள் கூட ஆகுமுன்னரே, 1918 ஜனவரி இறுதியில், பின்லாந்துக்காரர்கள் ஒருவரையொருவர் சுடத் தொடங்கினர். தென்பகுதிக் கைத்தொழில் நகரங்களின் தொழிலாளரையும் நிலமற்ற குடியானவரையும் கொண்ட செம்படை ஒருபுறம். மன்னர்ஹைம் தலைமையில், பின்னர் ஜேர்மன் துருப்புகளின் துணையையும் பெற்ற வெண்படை மறுபுறம். மே மாத நடுப்பகுதியில் வெண்படை வென்றது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட செம்படைக் கைதிகள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பன்னீராயிரம் பேர் அளவில் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். போரிலும் பழிவாங்கல்களிலும் முகாம்களிலுமாக மொத்தம் முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் இறந்தனர். முப்பது இலட்சம் சொச்சம் மக்களைக் கொண்ட ஒரு நாட்டில், சில மாதங்களுக்குள், இத்தனை பேர்.

வெண்மைப் பின்னணியில் நீலச் சிலுவை கொண்ட இன்றைய பின்லாந்துக் கொடி சட்டமாகியது 1918 மே 29 ஆம் திகதி. முகாம்களில் கைதிகள் செத்துக்கொண்டிருந்த அதே வாரங்கள் அவை. கம்பத்தில் ஏறிய அக்கொடியை நாட்டின் ஒரு பகுதியினர் வென்றவர்களின் கொடியாகவே பார்த்திருப்பர் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

விளையாட்டும் பிளவுபட்டது. செம்படையுடன் நின்றவர்களைத் தேசிய விளையாட்டுச் சம்மேளனம் விலக்கியது. விலக்கப்பட்டவர்களும் அவர்களது கழகங்களும் சேர்ந்து 1919 ஜனவரியில் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தை அமைத்தனர். ஒரே ஊரில் இரு மைதானங்கள், இரு கழகங்கள், இரு சம்பியன் பட்டங்கள் என்ற நிலை பல தசாப்தங்களுக்கு நீடித்தது. தொழிலாளர் சம்மேளனம் பின்னர் 1925 இல் பிராங்போர்ட்டில் நடந்த தொழிலாளர் ஒலிம்பியாட்டுக்குத் தன் வீரர்களை அனுப்பியது. பின்லாந்தின் விளையாட்டுச் சாதனை என்று பெருமிதத்தோடு எழுதப்படுபவற்றில் இந்தப் பிளவு ஓர் அடிக்குறிப்பாகவே வந்து போகின்றது. எனக்கு அது அடிக்குறிப்பாகப் படவில்லை.

இந்தப் பின்னணியில்தான் அன்ட்வேர்ப் வந்தது. போரில் பெல்ஜியம் பட்ட துன்பத்துக்கு மதிப்பளிக்கும் முகமாக, 1919 இல், ஆயத்தத்துக்கு ஓராண்டும் சில மாதங்களுமே இருக்கும் நிலையில், அந்நகருக்கு ஒலிம்பிக் வழங்கப்பட்டது. தோற்ற தரப்பினரான ஜேர்மனி, ஒஸ்ரியா, ஹங்கேரி, பல்கேரியா, துருக்கி ஆகிய நாடுகளுக்கு அழைப்பில்லை. சோவியத் ருஷ்யாவும் வரவில்லை. ஐந்து வளையக் கொடி முதன்முதலாக ஒலிம்பிக் மைதானத்தில் பறந்ததும், வீரர் சார்பில் சத்தியப் பிரமாணம் முதன்முதலாக எடுக்கப்பட்டதும் இங்கேதான். மற்றப்படி எல்லாம் ஏழ்மைக் கோலம். வீரர்கள் பாடசாலைக் கட்டடங்களில் கட்டில் போட்டுப் படுத்தனர். மழையில் ஊறிய ஓடுபாதை கால்களை இழுத்தது.

சுதந்திர நாடாகப் பின்லாந்து வந்த முதல் ஒலிம்பிக் இது. வந்த அந்த வேளையிலும் அதன் நிலை முற்றாகத் தீர்ந்திருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சோவியத் ருஷ்யாவுடனான சமாதானப் பேச்சு எஸ்தோனியாவின் தார்த்து நகரில் நடந்துகொண்டிருந்தது. உடன்படிக்கை கைச்சாத்தானது ஒக்ரோபர் 14 ஆம் திகதி. அதாவது மைதானத்தில் கொடி ஏறியது ஓகஸ்டில். எல்லை எழுத்தில் வந்தது ஒக்ரோபரில்.

முதல் தங்கம் ஓகஸ்ட் வரை காத்திருக்கவில்லை. ஏப்ரலில் நடந்த பனிச்சறுக்கு நடனத்தில் லுடோவிகா, வால்ட்டர் யாக்கொப்சன் தம்பதியர் ஜோடிப் போட்டியை வென்றனர். லுடோவிகா ஜேர்மனியின் பொட்ஸ்டாமில் பிறந்த ஜேர்மன் பெண், மணவாழ்வினால் பின்லாந்துக்காரியானவர், அப்போது வயது முப்பத்தைந்து. ஜேர்மனிக்குக் கதவடைத்த ஒலிம்பிக்கில் சுதந்திரப் பின்லாந்தின் முதல் தங்கத்தில் பாதி ஒரு ஜேர்மன் பெண்ணுக்குரியதாயிற்று! வரலாறு சிலவேளைகளில் இப்படிக் கண் சிமிட்டுவதுண்டு.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் மெய்வல்லுநர் போட்டிகள் ஆரம்பமாயின. அங்கு நிகழ்ந்ததை அமெரிக்கர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஈட்டி எறிதலில் முதல் நான்கு இடங்களும் பின்லாந்துக்கே. யொன்னி மியூரா 65.78 மீற்றர் எறிந்து தங்கம் வென்றார். தட்டெறிதலில் எல்மர் நிக்லாண்டர் தங்கம், அர்மஸ் தைப்பலே வெள்ளி. குண்டு போடுதலில் வில்லே பொர்ஹொலா தங்கம், மீண்டும் நிக்லாண்டர் வெள்ளி. முப்பாய்ச்சலில் வில்ஹோ தூலொஸ். ஐந்தம்சப் போட்டியில் ஏரோ லெஹ்தொனன். மல்யுத்தத்தில் ஐந்து தங்கங்கள். மொத்தம் 15 தங்கம், 10 வெள்ளி, 9 வெண்கலம். மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளை மாத்திரம் எடுத்துக்கொண்டால், பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட அமெரிக்காவுக்கு ஒன்பது தங்கம். முப்பது இலட்சத்துச் சொச்சம் பேரைக் கொண்ட பின்லாந்துக்கும் ஒன்பது தங்கம்.

இதற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்குப் பலர் பல விடை சொல்வர். காட்டுமரம் வெட்டும் வாழ்க்கை, நீண்ட பனிக்காலம், சவுனா என்னும் நீராவிக் குளியல், "சிசு" என அவர்கள் தம் மொழியில் பெருமையுடன் சொல்லும் விடாப்பிடி என்றெல்லாம் பட்டியல் நீளும். பனியும் காடும் நோர்வேக்கும் உண்டு. அங்கு ஒன்பது தங்கம் விளையவில்லை. என் பார்வையில் மேலும் நம்பத்தகுந்த காரணம் எளிமையானது. லௌரி பிஹ்கலா போன்றோர் அமெரிக்கா சென்று அங்கத்தைய பயிற்சி முறைகளைக் கற்று வந்து தம் மொழியில் எழுதிப் பரப்பினர். ஊர்தோறும் கழகங்கள் இருந்தன. ஏழைச் சிறுவனொருவனுக்கு ஓடுவதைவிட மலிவான பொழுதுபோக்கு வேறிருக்கவில்லை. இந்தப் பிஹ்கலா உள்நாட்டுப் பிளவில் உறுதியான வெண்படை ஆதரவாளர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சியின் தந்தை எனப் போற்றப்பட்டவரும் பிளவுக்கு வெளியே நிற்கவில்லை.

அத்தகைய ஏழைச் சிறுவர்களில் ஒருவர்தான் பாவோ நூர்மி. துர்க்கு நகரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தார். பாடசாலையை விட்டு, ஒரு வெதுப்பகத்தின் எடுபிடிப் பையனாகக் கைவண்டி தள்ளினார். ஸ்ரொக்ஹோமில் கொலெமைனன் வென்ற செய்தி வந்த போது அவருக்கு வயது பதினைந்து. அதன் பின்னரே அவர் ஓட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். அன்ட்வேர்ப்பில் அவருக்கு வயது இருபத்து மூன்று.

ஓகஸ்ட் 17 ஆம் திகதி 5000 மீற்றர் இறுதியில் நூர்மி தோற்றார். தோற்கடித்தவர் பிரான்சின் ஜோசப் கியேமோ. போர்முனையில் நச்சுவாயுவைச் சுவாசித்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர் அவர். மூன்று நாளின் பின்னர் 10,000 மீற்றரில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். போட்டி நேரம் திடீரென முன்தள்ளப்பட்டிருந்தமையால் கியேமோ உணவருந்திய சூட்டோடு ஓட வேண்டியதாயிற்று. கடைசிச் சுற்றில் நூர்மி முந்தினார். கோட்டைக் கடந்ததும் கியேமோ வென்றவர் மீதே வாந்தியெடுத்துவிட்டார் என்பர். காடுமேடு கடந்தோடும் ஓட்டத்திலும் நூர்மியே முதல்வர்; அணிக்கான தங்கமும் பின்லாந்துக்கே. கியேமோ அதில் குழியொன்றில் கால் புரண்டு விலகினார். நூர்மி அடுத்த இரு ஒலிம்பிக்குகளிலும் வென்று மொத்தம் ஒன்பது தங்கம் சேர்த்த கதை உலகறிந்தது. கையில் கடிகாரத்துடன், முகத்தில் சலனமின்றி ஓடிய அவரைப் பற்றி நூல்கள் பல உண்டு. ஆகவே அவரை இத்துடன் விட்டு மரதனுக்கு வருகிறேன்.

ஓகஸ்ட் 22. மழைக்குளிர். தூரம் 42.75 கிலோமீற்றர், ஒலிம்பிக் மரதன்களில் இதுவே மிக நீண்டது. கொலெமைனன் முப்பது வயதைக் கடந்துவிட்டார். எட்டு ஆண்டுகள் அமெரிக்காவில் கழிந்திருந்தன. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பிரஜாவுரிமையும் பெற்றார். ஆயினும் அன்று அவர் ஓடியது பின்லாந்துக்காக. உள்நாட்டுப் போர் நடந்த மாதங்களில் அவர் கடலுக்கு அப்பால் இருந்தார் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். தொழிலாளர் கழகத்தில் வளர்ந்தவர் என்பதால் ஒரு தரப்பார் அவரைத் தம்மவராகக் கொள்ளலாம். ஸ்ரொக்ஹோமில் ருஷ்யக் கொடியின் கீழ் நின்று வருந்தியவர் என்பதால் மறுதரப்பாரும் அவரைத் தம்மவராகக் கொள்ளலாம். எவரையும் சுட்ட கை அல்ல அது. அன்றைய பின்லாந்தில் இரு சாராரும் தயக்கமின்றிக் கைதட்டக்கூடிய ஒருவர் இருந்தாரெனில் அது இவராகவே இருந்திருக்க முடியும் என்பது என் கணிப்பு.

முதற்பாதியில் தென்னாபிரிக்காவின் கிற்சம் அவருடன் ஈடுகொடுத்து ஓடினார். பின்னர் கிற்சம் பின்தங்கி, இறுதியில் விலகிக்கொண்டார். கொலெமைனன் தனித்து முன்னால் ஓடினார். பின்னாலிருந்து ஒருவர் மட்டும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். அவர் யூரி லொஸ்மான், தொழிலால் பொற்கொல்லர், 1918 இல் சுதந்திரப் பிரகடனம் செய்து, போரிட்டு, 1920 பெப்ரவரியில்தான் ருஷ்யாவுடன் சமாதானம் கண்ட எஸ்தோனியாவின் வீரர். அந்நாட்டுக்கும் அதுவே முதல் ஒலிம்பிக். கொலெமைனன் மைதானத்துக்குள் நுழைந்து கோட்டைக் கடந்த போது 2 மணி 32 நிமிடம் 35.8 செக்கன். லொஸ்மான் 2 மணி 32 நிமிடம் 48.6 செக்கன். மூன்றாவதாக வந்த இத்தாலியரான அரி, மகிழ்ச்சி மிகுதியால் கோட்டருகே கரணம் அடித்தார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே சக்கரவர்த்தியின் குடிகளாக இருந்திருக்க வேண்டிய இருவர், இப்போது தத்தம் கொடிகளின் கீழ் முதலாமவராகவும் இரண்டாமவராகவும் நின்றனர்.

அதன் பின்னர் அவ்விரு கொடிகளின் பாதைகளும் பிரிந்தன. எஸ்தோனியா 1940 இல் சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. லொஸ்மான் 1944 இல் சுவீடனுக்குத் தப்பிச் சென்று, 1984 இல் ஸ்ரொக்ஹோமில் காலமானார். தம் கொடி மீண்டும் ஏறுவதைக் காண அவருக்கு ஆயுள் போதவில்லை. அது தலைகீழாக ஏறியதையும் அவர் காணவில்லை. பின்லாந்தோ 1939 முதல் இரு போர்களில் சோவியத் ஒன்றியத்துடன் மோதி, நிலத்தை இழந்து, பெருந்தொகை நட்டஈட்டுக்கும் உடன்பட்டு, கொடியை மட்டும் காத்துக்கொண்டது.

போரினால் கைவிடப்பட்ட 1940 ஒலிம்பிக்குக்கெனக் கட்டி முடிக்கப்பட்டிருந்த ஹெல்சிங்கி மைதானம் 1952 இல்தான் தன் ஒலிம்பிக்கைக் கண்டது. அதன் கோபுரத்தின் உயரம் 72.71 மீற்றர். 1932 இல் மத்தி யார்வினன் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தூரம் அது. இலங்கை அணியில் யாழ்ப்பாணத்தின் உயரம் பாய்தல் வீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கமும் அந்த மைதானத்தில் பாய்ந்தார். 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றவர் அவரே. ஜூலை 19 ஆம் திகதி, கொட்டும் மழையில், தீபத்தை ஏந்தி மைதானத்துக்குள் ஓடி வந்தவர் பாவோ நூர்மி. கோபுர உச்சியில் தீபத்தை ஏற்றியவர் அறுபத்திரண்டு வயதான ஹன்னெஸ் கொலெமைனன்.

சோவியத் ஒன்றியம் பங்குபற்றிய முதல் ஒலிம்பிக்கும் அதுவே. அதன் மல்யுத்த அணியில், போருக்கு முன்னர் எஸ்தோனியாவின் பெயரில் ஐரோப்பியச் சம்பியனாக இருந்த யொஹான்னஸ் கொத்காஸ் இடம்பெற்றிருந்தார். அதிபாரப் பிரிவில் அவர் தங்கம் வென்றார். கொலெமைனன் ஏற்றிய தீபம் எரிந்துகொண்டிருந்த அந்நகரில், கொத்காஸின் வெற்றிக்காகச் செங்கொடி கம்பத்தில் ஏறியது. எஸ்தோனியா என்ற பெயர் பொறித்த துணிப்பட்டி எதுவும் அதில் கட்டப்பட்டிருக்கவில்லை.